மரக்கறியும் பழமும் வீணாகாமல், நஞ்சாகாமல்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ் குடாநாட்டில் தோட்டம் செய்பவர்கள், சந்தையில் விற்பவர்கள், வீட்டில் சமைப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உணவு விஞ்ஞானம் படித்தவர்களுக்காக எழுதியதல்ல இது. ஆராய்ச்சிகள் கண்டு சொன்னவற்றில் எது எங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் கைக்காசுக்கும் பொருந்தும் என்று பார்த்து எழுதியது.

மரக்கறி அழுகுவது ஒரு பிரச்சினை, உணவு நஞ்சாவது இன்னொரு பிரச்சினை. ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

இரண்டுக்கும் வேர் ஒன்று. வெயிலில் கிடந்த காய், நசுங்கிய காய், அழுக்குத் தண்ணீரில் கழுவிய காய் ஆகியவைதான் முதலில் அழுகுகின்றன. நோய்க்கிருமி எளிதாக நுழைவதும் அவற்றில்தான். தோல் கிழிந்த இடம் பங்கசுக்கும் வழி, பற்றீரியாவுக்கும் வழி.

இன்னொரு தொடர்பும் உண்டு. பழுது வந்துவிடுமோ என்று பயந்த தோட்டக்காரர் அறுவடைக்கு முதல் நாளும் மருந்தடிக்கிறார். வழியில் கனிந்து கெட்டுவிடும் என்று பயந்த வியாபாரி முற்றாத காயைப் பிடுங்கி மருந்து வைத்துப் பழுக்க வைக்கிறார். நட்டப் பயம் இருக்கும்வரை நஞ்சும் இருக்கும். ஆகவே வீணாவதைக் குறைக்காமல் உணவைப் பாதுகாப்பாக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

உண்மையில் எவ்வளவு வீணாகிறது?

இலங்கையில் அறுவடைக்குப் பிறகு இழக்கும் பழமும் மரக்கறியும் 30 முதல் 40 வீதம் வரை என்று அரச நிறுவனங்களும் ஆய்வாளர்களும் நீண்டகாலமாகச் சொல்லி வருகிறார்கள். அதாவது மூன்று பரப்பில் நட்டால் ஒரு பரப்பின் விளைச்சல் யாருடைய வயிற்றுக்கும் போகவில்லை. அந்த ஒரு பரப்புக்கும் தண்ணீர் இறைத்தோம், உரம் போட்டோம், கூலி கொடுத்தோம்.

உலகக் கணக்கும் ஆறுதலாக இல்லை. அறுவடைக்கும் சில்லறைக் கடைக்கும் இடையில் உலக உணவில் ஏறத்தாழ 14 வீதம் இழக்கப்படுகிறது என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2019 இல் கணித்தது. கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் 2022 இல் மட்டும் 105 கோடி தொன் உணவு வீசப்பட்டது என்பது ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் மதிப்பீடு. அதில் 60 வீதம் வீடுகளிலிருந்து போனது.

தோட்டத்தில் பளபளவென்று இருந்த கத்தரிக்காய் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேர முன்னரே ஏன் சுருங்கிவிடுகிறது?

பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, சேமித்து வைத்த சீனியை எரிக்கிறது, நீரை ஆவியாக விடுகிறது. செடியில் இருந்தபோது வேர் அந்த இழப்பை ஈடுசெய்தது. பறித்த கணத்திலிருந்து ஈடுசெய்ய யாரும் இல்லை. வெப்பம் 10 பாகை கூடினால் இந்தச் சுவாசம் இரண்டு மடங்காகவும் மூன்று மடங்காகவும் வேகமெடுக்கும். 34 பாகை மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் கிடந்த வெண்டிக்காய், நிழலில் பல மணித்தியாலம் இருந்திருக்கக்கூடிய தன் ஆயுளை அந்த ஒரு மணித்தியாலத்தில் செலவழித்துவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, விடியற்காலையில் பறிப்பது. இரவு முழுக்கக் குளிர்ந்த காய் அப்போது நீர் நிறைந்திருக்கும். பனி காய்ந்த கையோடு, வெயில் ஏற முன்னர் முடித்துவிட வேண்டும். பறித்ததை வரம்பில் குவிக்காமல் உடனே வேம்பின் கீழோ கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ வைக்க வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனாலும் வெயிலில் திறந்த பட்டா லொறியில் மூடாமல் ஏற்றிப் போகும் மரக்கறியை எந்த வீதியிலும் பார்க்கலாம்.

இரண்டாவது எதிரி உரப்பை. 50 கிலோ உரப்பையில் தக்காளியையோ கத்தரியையோ திணித்துக் கட்டி, அதன்மேல் இன்னும் நான்கு பையை அடுக்கி, அதற்கு மேலே ஆள் ஏறி இருந்து பயணம் செய்தால் அடியில் உள்ளது என்னாகும்? நசுங்கிய காய் வெளிப்பார்வைக்கு அன்று நன்றாகவே இருக்கும். அடுத்த நாள் அந்த இடம் கறுக்கும், அதற்கடுத்த நாள் பக்கத்துக் காயையும் சேர்த்து அழுகும். பைக்குள் காற்றும் இல்லை. சுவாசத்தின் வெப்பம் வெளியேறாமல் நடுவில் அவிந்துபோகிறது.

பிளாஸ்ரிக் கூடைகள் இதற்கு நல்ல மருந்து என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 2011 இறுதியில் அரசு அவற்றைக் கட்டாயமாக்கியபோது தம்புள்ளையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது, கட்டாயமும் தளர்ந்தது. எதிர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூடை வாங்கும் காசை யார் போடுவது, வெறும் கூடை திரும்பிவரும் கூலியை யார் கொடுப்பது, கூடையில் ஏற்றினால் லொறியில் குறையும் கொள்ளளவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு அன்று பதில் இல்லை. ஒரு ஊர்ச் சங்கம் கூடைகளை வாங்கி வாடகைக்கு விட்டால் அந்தக் கணக்கு மாறும். சந்தை பக்கத்திலேயே என்றால் எங்கள் பனையோலைக் கடகமே போதும். காற்றோட்டம் உண்டு, உள்ளே சணல் சாக்கு விரித்தால் உராய்வும் இல்லை.

சந்தையில் 10 கிலோவுக்கு 1 கிலோ கழிவு என்று வெட்டுகிறார்களே, அது நியாயமா?

நியாயமில்லை. அழுகல் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதை முழுவதும் விளைவித்தவரின் தலையில் கட்டும் வழக்கம் அது. அதைவிடக் கேடான பக்கம் ஒன்று உண்டு. நன்றாகத் தரம் பிரித்து, நசுங்காமல் கொண்டுவந்தவருக்கும் அதே வெட்டு, சாக்கில் அடைத்துக் கொண்டுவந்தவருக்கும் அதே வெட்டு என்றால், கவனமாக இருப்பதற்கு யாருக்கு மனம் வரும்? தரம் பார்த்து விலை வைத்தால் தோட்டத்திலேயே பாதி அழுகல் நின்றுவிடும். இதை எழுதி ஒட்டுவதால் மட்டும் மாற்ற முடியாது. விவசாயிகள் கூட்டாக நின்று, உள்ளூராட்சிச் சபைகள் தராசைக் கண்காணித்தால் மாறும்.

பெரிய குளிர்களஞ்சியம் ஒன்று கட்டினால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

தீராது. குளிர் என்பது ஒரு கட்டடத்தோடு முடிவதல்ல. களஞ்சியத்தில் குளிர்ந்த காயை வெயிலில் நிற்கும் லொறியில் ஏற்றினால் அதன் மேல் நீர் வியர்த்து, முன்னிலும் வேகமாக அழுகும். தோட்டத்திலிருந்து கடை வரை குளிர் அறுபடாமல் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதோடு எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் சரிவராது. கரட், பீற்றூட், லீக்ஸ், கோவா போன்ற மலைநாட்டு மரக்கறிக்குப் பூச்சியத்துக்குக் கிட்டிய குளிர் நல்லது. எங்கள் கத்தரி, வெண்டி, வெள்ளரி, மாங்காய், வாழைப்பழம் எல்லாம் வெப்ப நாட்டுப் பிள்ளைகள். வாழைப்பழத்தை 13 பாகைக்குக் கீழே வைத்தால் தோல் சாம்பல் பூத்துக் கறுக்கும். எல்லாவற்றையும் ஓர் அறையில் போட்டால் ஒன்று வாழும், மற்றது சாகும்.

சிறிய தோட்டக்காரருக்கு நான் சொல்வது மின்சாரம் தேவையில்லாத குளிரறை. புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் உருவாக்கியது. செங்கல்லால் இரட்டைச் சுவர் கட்டி, இடையில் 7.5 சென்ரிமீற்றர் அளவு ஆற்றுமணல் நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனைத்து, மேலே சாக்கோ கிடுகோ மூடி வைப்பது. நீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் குறைகிறது, ஈரப்பதம் 90 வீதம் வரை போகிறது. கீரையும் கத்தரியும் வாடாமல் நிற்கும். காற்று உலர்ந்திருக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்யும். சோளகம் வீசும் மாதங்களில் எங்களுக்கு நல்ல பலன் தரும். வாடைக்காற்றோடு மாரிமழை பிடித்த பிறகு பலன் குறைவு, அப்போது பங்கசும் கூடும். ஆகவே மாரியில் அதை நம்பிப் பழத்தை அடைத்து வைக்காதீர்கள்.

வீட்டுப் பிரிட்ஜில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

கீரை, கரட், பீற்றூட், போஞ்சி, லீக்ஸ் ஆகியவற்றை வையுங்கள். கீரையைக் கழுவாமல், ஈரம் துடைத்து, துணியில் சுற்றி வைத்தால் நாள் பிடிக்கும். தக்காளி, காயாக உள்ள மாம்பழம், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, வெங்காயம் வெளியே இருக்கட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட வேண்டாம். வெட்டிய பழம் எதுவானாலும் உள்ளே போக வேண்டும். தர்ப்பூசணியோ பப்பாசியோ வெட்டிய நிமிடத்திலிருந்து கிருமிக்கு நல்ல விருந்து. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை எளிது: கெடக்கூடிய உணவு 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது 60 பாகைக்கு மேலே இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

கறுத்தக்கொழும்பான் மாங்காய் மரத்தில் நன்றாக இருக்கிறது. பழுக்கும்போது மட்டும் கரும்புள்ளி விழுகிறது, உள்ளே புழு. என்ன செய்வது?

கரும்புள்ளி, புழு இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்றும் உண்டு.

கரும்புள்ளி அந்திரக்னோசு என்னும் பங்கசு நோய். பூக்கும் காலத்திலேயே தொற்றி, காயின் தோலுக்குள் உறங்கிக் கிடந்து, பழுக்கும்போது விழித்துக்கொள்கிறது. பறித்த அன்றே ஏறத்தாழ 52 பாகை சுடுநீரில் 5 முதல் 10 நிமிடம் அமிழ்த்தி எடுத்து ஆறவிட்டால் பெருமளவு அடங்கும். மருந்து எதுவும் வேண்டாம். ஆனால் வெப்பமானி கட்டாயம் வேண்டும். கைமதிப்பில் செய்தால் தோல் அவிந்துவிடும். முதலில் நான்கைந்து காயில் செய்து பாருங்கள். மரத்தடியில் கிடக்கும் பழைய பூங்கொத்தையும் காய்ந்த கிளையையும் அகற்றி எரிப்பது அடுத்த ஆண்டுக்கான வைத்தியம்.

புழு பழ ஈயின் பிள்ளை. காய் முற்றத் தொடங்கும்போது கடதாசிப் பையால் மூடிக் கட்டுவது மிகச் சிறந்த காவல். துளசியில் உள்ள மீதைல் யூஜினோல் ஆண் ஈயை இழுக்கும். அதை வைத்துப் பொறி செய்யலாம். ஒரு வளவில் மட்டும் செய்தால் பலன் சிறிது, ஒழுங்கை முழுக்கச் செய்தால் பலன் பெரிது. விழுந்த பழத்தை அப்படியே விடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தலைமுறை ஈ அதிலிருந்தே வரும்.

மூன்றாவது, பால் பட்ட கறை. தடியால் அடித்து விழுத்தாமல் வலை கட்டிய கொக்கத்தடியால், காம்பு சிறிது நீளமாக விட்டுப் பறித்து, பிறகு காம்பை ஒடித்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடிய விடுங்கள்.

மாம்பழம் சம்பந்தமாக எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஆராய்ச்சி ஹெக்ஸனால் பற்றியது. வெட்டிய புல்லில் வரும் மணத்தில் அதுவும் உண்டு. செடிகளே உண்டாக்கும் பொருள். பழத்தின் கலச்சவ்வை உடைக்கும் நொதியம் ஒன்றை அது தடுக்கிறது, அதனால் பழம் மெதுவாகக் கனிகிறது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் மூன்றும் சேர்ந்து இதைச் சிறு விவசாயிகளின் மாந்தோப்புகளுக்காகவே ஆராய்ந்தன. அறுவடைக்கு முன் தெளித்தால் காய் மரத்தில் கூடுதல் நாள் நிற்கும். ஊரெல்லாம் ஒரே கிழமையில் பழுத்து விலை விழும் ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் கூடுதல் நாட்களின் பெறுமதி விற்பவருக்குத் தெரியும்.

முந்திரிகைக்கும் (திராட்சைக்கும்) இப்படி ஏதாவது உண்டா?

உண்டு, எங்கள் வேலியோரத்திலேயே. ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் 2005 இல் கற்றாழைச் சோற்றின் சாற்றை முந்திரிகைக் குலையில் பூசிப் பார்த்தார்கள். பூசாத குலை குளிரில் 7 நாள் அளவில் தரமிழந்தது. பூசியது 1 பாகைக் குளிரில் 35 நாள் வரை தாக்குப்பிடித்தது, கிருமியும் குறைந்திருந்தது. குளிர் இல்லாத இடத்தில் அவ்வளவு நாள் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் கற்றாழையும் முந்திரிகையும் ஒரே மண்ணில் விளையும் எங்களைப் போன்றவர்கள் செய்து பார்க்க வேண்டிய பரிசோதனை இது.

கடையில் வாங்கும் வாழைப்பழம் மருந்து வைத்துப் பழுக்க வைத்ததா? ஆபத்தா?

எந்த மருந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாழைக்குலை பழுப்பது எதிலீன் என்ற வாயுவால். குலையே அதை உண்டாக்குகிறது. செடிகள் எதிலீனை உண்டாக்குகின்றன என்பது 1934 இல்தான் விஞ்ஞானத்தில் உறுதியானது. எங்கள் முன்னோர் குழி வெட்டி, குலையை அடுக்கி, புகை போட்டு மூடியபோது அதையே செய்தார்கள். புகையில் எதிலீன் உண்டு.

இன்று பெரிய வியாபாரிகள் பாவிக்கும் எத்திபோன் ஒரு திரவம். அதிலிருந்து வெளிவருவதும் எதிலீன்தான். அதை வாயுவாக மாற்றி அறையில் விட்டால் பயம் இல்லை. கரைசலில் குலையை நேரடியாகத் தோய்ப்பதும், அளவில்லாமல் தெளிப்பதும் தவறு. கல்சியம் காபைட் கல் வேறு சாதி. அது ஈரம் பட்டு அசற்றலீன் வாயுவை விடுகிறது. தொழிற்சாலைக் காபைட்டில் ஆசனிக்கும் பொஸ்பரசும் கலந்திருக்கக்கூடும். இந்தியா பழம் பழுக்க வைப்பதற்கு அதைத் தடைசெய்திருக்கிறது. தோல் முழுவதும் ஒரேயடியாக மஞ்சள், காம்பு மட்டும் பச்சை, உள்ளே கல்லுப் போலக் கெட்டி என்றால் அவசரப்பட்டுப் பழுக்க வைத்தது என்று அறியலாம். எந்த மருந்தால் என்று கண்ணால் அறிய முடியாது. முடிந்தவர்கள் முற்றிய குலையாக வாங்கி வீட்டில் தொங்கவிடுங்கள்.

மருந்தடித்த மரக்கறியை நன்றாகக் கழுவினால் நஞ்சு போய்விடுமா?

மேலே ஒட்டியிருப்பது பெருமளவு போகும். உள்ளே ஊறியது போகாது.

அமெரிக்காவின் கனெக்ரிகட் விவசாய ஆராய்ச்சி நிலையம் 2000 ஆம் ஆண்டளவில் ஓடும் நீரில் 30 செக்கன் கழுவிப் பார்த்தது. 12 பீடைகொல்லிகளில் 9 தெளிவாகக் குறைந்தன. 2017 இல் மசாசுசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பிள் பழத்தில் செய்த ஆய்வு, அப்பச்சோடா கரைசல் இன்னும் நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. ஒரு லீற்றர் நீருக்கு 10 கிராம், அதாவது சிறு தேக்கரண்டியால் இரண்டு. அதில் 12 முதல் 15 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அந்த ஆய்விலும் தோலுக்குள் புகுந்துவிட்ட பங்கசுகொல்லியின் ஒரு பகுதியை எடுக்க முடியவில்லை.

எங்கள் தோட்டங்களில் அடிக்கும் மருந்துகளில் பல செடிக்குள் ஊறுபவை. அவற்றுக்கு ஒரே மாற்று காலம். மருந்தடித்த நாளிலிருந்து அறுவடை வரை எத்தனை நாள் விட வேண்டும் என்பது போத்தல் சிட்டையில் தமிழிலும் எழுதியிருக்கும். சிலவற்றுக்கு சில நாட்கள், பலவற்றுக்கு இரண்டு கிழமை. பயற்றங்காய், கத்தரி, பச்சைமிளகாய் போல இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆயும் பயிரில்தான் இந்த விதி அதிகம் மீறப்படுகிறது. இன்று மருந்து, நாளை மறுநாள் சந்தை. இதைச் செய்பவரும் தன் வீட்டுக்கு என்று ஒரு வரியை மருந்தடிக்காமல் விடுகிறார் என்றால், அது அவருக்கும் தெரிந்த தவறு. ஆயும் பருவம் தொடங்கிய பிறகு மஞ்சள் ஒட்டுப்பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல், சேதமான காயைப் பிடுங்கி அழிப்பது என்று இறங்க வேண்டும். பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் எங்களிடம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரம்பிலும் சட்டம் வந்து நிற்காது.

உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர்?

உப்புநீர் புழுவையும் சிறு பூச்சியையும் வெளியேற்றும். மஞ்சளை நம்பிக் கழுவாமல் விட வேண்டாம். ஓடும் நீரும் கையால் தேய்ப்பதும்தான் முதல் வேலை.

எங்கள் கிணற்றுத் தண்ணீரால் மரக்கறியைக் கழுவலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். பிளவும் குகையும் நிறைந்த அந்தக் கல்லுக்கு மேலிருந்து இறங்கும் எதையும் வடிகட்டும் பொறுமை இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் போடும் யூரியாவும் எருவும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குப் போகின்றன. மலசலகூடக் குழியின் கசிவும் அதே வழியில் போகிறது. பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் பால்மாவுக்கு அந்தத் தண்ணீர் கூடாது. மரக்கறி கழுவுவதில் நைத்திரேற்று பெரிய கவலை அல்ல. அங்கே கவலை கிருமி.

நெருப்புக்காய்ச்சல் யாழ்ப்பாணத்துக்குப் புதிய நோய் அல்ல. அது பரவுவது மலம் கலந்த நீராலும் உணவாலும். சமைக்கும் மரக்கறியில் அடுப்பு எங்களைக் காப்பாற்றுகிறது. வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணிச் சம்பல், வெள்ளரிப் பச்சடி போன்றவற்றில் அடுப்பு இல்லை. வல்லாரை வாய்க்காலோரம் தரையோடு படர்ந்து வளர்வது. ஆகவே பச்சையாகச் சாப்பிடும் கீரையை முதலில் இலை இலையாகப் பிரித்து மண் போகக் கழுவி, கடைசிக் கழுவலைக் கொதித்தாறிய நீரில் செய்யுங்கள். கத்தியும் பலகையும் மீன் வெட்டியதாக இருக்கக் கூடாது. மாரி வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இட்டுவிட்டுத்தான் பாவிக்க வேண்டும்.

சந்தையில் கீரைக்கட்டு வாடாமல் இருக்கத் தெளிக்கும் தண்ணீரும் இதே கணக்கில்தான் சேரும். நாள் முழுக்க ஒரே வாளியில் கட்டுகளைத் தோய்த்து எடுத்தால், ஒரு கட்டில் இருந்தது எல்லாக் கட்டிலும் ஏறும். விற்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

இயற்கை முறையில் விளைந்தது என்றால் கழுவாமலே சாப்பிடலாமா?

சாப்பிடக் கூடாது. இரசாயனம் இல்லாதது வேறு, கிருமி இல்லாதது வேறு. 2011 இல் ஜேர்மனியில் ஈ.கோலை பற்றீரியாவின் ஒரு கொடிய வகையால் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணமாகக் கண்டறியப்பட்டது, இயற்கைப் பண்ணை ஒன்றில் முளைக்க வைத்த வெந்தயம். விதையோடு வந்த கிருமி முளையில் பெருகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கவனிக்க வேண்டியது பச்சை எரு. ஆட்டெருவும் மாட்டெருவும் நன்றாக மக்கிய பிறகே போட வேண்டும். அமெரிக்க இயற்கை விவசாய விதிப்படி, மண்ணில் தொடும் விளைபொருளுக்குப் பச்சை எரு போட்டு 120 நாள் கழிந்த பிறகே அறுவடை. கீரைப் பாத்திக்கு மேலால் கரைத்து ஊற்றுவது அறவே கூடாது.

பூஞ்சணம் பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாமா?

கரட், கோவா போன்ற கெட்டியானவற்றில் கறை பட்ட இடத்தைச் சுற்றி இரண்டரை சென்ரிமீற்றர் ஆழமாக வெட்டி நீக்கிவிட்டுப் பாவிக்கலாம். தக்காளி, பப்பாசி, மாம்பழம் போன்ற மென்மையானவற்றில் பங்கசின் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள்.

பூஞ்சணம் பிடித்த செத்தல் மிளகாய், கச்சான், கொப்பறா ஆகியவற்றில் இந்தத் தாராளம் கூடவே கூடாது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீனியில் கலந்த கச்சான் பிண்ணாக்கில் வளர்ந்த பங்கசின் நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதுதான் அபிளாரொக்சின். ஈரலில் புற்றுநோயை உண்டாக்குவது. வறுத்தாலும் பொரித்தாலும் முற்றாக அழியாது. மிளகாயை அரைத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே தூள் இடிக்க முன்னர் மிளகாயை ஒவ்வொன்றாகப் பார்த்து, உள்ளே சாம்பல் படிந்ததை எறியுங்கள். அது வீணாக்கல் ஆகாது.

ஒடியல், மரவள்ளி பற்றியும் பயமுறுத்துகிறார்களே?

பயம் வேண்டாம், முறை வேண்டும். 1970களின் தொடக்கத்தில் இலங்கை விஞ்ஞானிகள் பச்சை ஒடியல் மாவை எலிகளுக்குக் கொடுத்தபோது நரம்புப் பாதிப்பைக் கண்டார்கள். வெப்பம் அந்த நஞ்சைக் குறைக்கிறது. மாவை ஊறவைத்து, கசப்பு நீரை ஊற்றிவிட்டு, நன்றாக வேகவைக்கும் எங்கள் கூழும் பிட்டும் அனுபவத்தில் கண்ட பாதுகாப்பு. அவசரத்தில் அந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

மரவள்ளியில் சயனைட் சேர்மம் உண்டு. தோலை முழுதாக நீக்கி, நிறையத் தண்ணீரில், மூடியைத் திறந்து வைத்து அவித்தால் வாயு வெளியேறிவிடும். அவித்த நீரை ஊற்றிவிட வேண்டும். இஞ்சி சேர்க்கக் கூடாது என்று வீட்டில் சொல்வதைக் காப்பதில் நட்டம் இல்லை, ஆனால் உண்மையான காவல் திறந்த சட்டிதான். கிளறிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து பழுதாகும். தேவைக்கு மட்டும் கிளறுங்கள், மண்ணுக்குள் இருப்பதே அதற்கு நல்ல களஞ்சியம்.

விலை விழும்போது மிஞ்சுவதை என்ன செய்யலாம்?

காய வைக்கலாம். பனாட்டு, புழுக்கொடியல், மோர்மிளகாய், பாவற்காய் வற்றல், வடகம் என்று இந்தக் கலையில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விஞ்ஞானம் சேர்ப்பது ஒன்றுதான்: கிருமி பயன்படுத்தக்கூடிய நீர் போதிய அளவு குறைந்தால் எதுவும் வளராது. வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் பயனில்லை. மெல்லிதாக வெட்டி, தரையிலிருந்து உயர்ந்த தட்டில், வலையால் மூடி, காற்றோடும் பொலித்தீன் கூண்டுக்குள் காயவிடுங்கள். தார் வீதியில் பரப்புவது வேண்டாம். தூசு, ரயர்த் துகள், நாய், ஆடு எல்லாம் அதில் சேர்கின்றன.

தக்காளியைப் போத்தலில் அடைப்பவர்கள் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ சேருங்கள். புளிப்பைக் காட்டும் பீ.எச். அளவு 4.6 ஐ விடக் கூடினால் (அதாவது புளிப்புக் குறைந்தால்) பொற்றுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பற்றீரியா மூடிய போத்தலில் வளரலாம். தக்காளி அந்த எல்லையில் நிற்பது.

சாப்பிட முடியாதது மாட்டுக்கும் ஆட்டுக்கும், அதற்கும் உதவாதது கூட்டெருவுக்கும் போகட்டும். சந்தைக் கழிவைப் பிளாஸ்ரிக்கோடு கலந்து கல்லுண்டாய்க் குப்பைமேட்டில் கொட்டினால் அது மீதேன் வாயுவாகவும் புகையாகவும் எங்களிடமே திரும்புகிறது. சந்தையிலேயே பிரித்தெடுத்தால் செம்மண்ணுக்கு அது எரு.

யாரிடம் ஆலோசனை கேட்பது? முறைப்பாடு யாரிடம்?

பயிர், மருந்து, அறுவடை பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். திருநெல்வேலியில் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. பனை உற்பத்திக்குக் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. பொதிசெய்தல், உலர்த்தி, களஞ்சியம் பற்றிய பயிற்சி அநுராதபுரத்திலுள்ள தேசிய அறுவடைக்குப் பின்னான முகாமைத்துவ நிறுவனத்தில் கிடைக்கும். பழுதான அல்லது சந்தேகமான உணவு விற்கப்பட்டால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. வாங்கிய பொருளையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள்.